செடி விஷயமாக மட்டும்

சேலம்,
ஞாயிறு காலை

கண்ணு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. தொட்டி நிறைய செம்மண்! டெண்ட்ரோபியம் ஆர்க்கிட்டுக்கு மண் ஆகாது என்று ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் சொல்லிக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளை முன்சீட்டில் சிரித்துக்கொண்டே வந்தார்.

அது மரத்தைப் பிடித்து வளரும் சாதி. வேருக்குக் காற்று வேண்டும். மண்ணில் ஈரம் நின்றால் அழுகிவிடும். எம்.எஸ்ஸி.யில் தங்கப் பதக்கம் வாங்கியவளுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. படத்தில் பின்னால் கொடியில் உன் துணி மட்டும்தான் காய்கிறது. சரி, அது இருக்கட்டும்.

செடியை மெதுவாக வெளியே எடு. வேரைத் தண்ணீரில் அலசு. அழுத்தினால் கெட்டியாக இருக்கும் வேர் நல்லது. பழுப்பாகக் கொழகொழவென்று வந்தால் வெட்டிவிடு. கத்தரியை முதலில் நெருப்பில் காட்டு. வெட்டிய இடத்தில் மஞ்சள் தூள் வை, ஒரு நாள் நிழலில் காயட்டும். தொட்டி சின்னதாக, பக்கவாட்டில் ஓட்டை உள்ளதாக இருக்க வேண்டும். பெரிய தொட்டியில் வைத்தால் ஈரம் காயாது. அடுப்புக்கரி, செங்கல் துண்டு, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு, இவ்வளவுதான். தண்டின் அடி வெளியே தெரிய வேண்டும், புதைக்காதே. ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டு. ஆடினால் புது வேர் பிடிக்காது. இலை உதிர்ந்த பழைய தண்டை வெட்ட வேண்டாம், சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. நாலைந்து நாள் தண்ணீர் ஊற்றாதே. புது வேர் வந்த பிறகு, லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் 19:19:19 உரம், வாரம் ஒரு முறை. காலை வெயில் பட்டால் போதும். மண் மட்டும் போடாதே.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? மேட்டூர் சித்தப்பா விசாரித்தார். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. தையில் பூத்தது என்று நான் அனுப்பிய படம் நம் செடி இல்லை. எதிர்வீட்டு டீச்சருடையது. நம்முடையது ஐப்பசி மழையிலேயே போய்விட்டது. கரியில்தான் வைத்தேன், ஆனால் வேர் வெள்ளையாகத் தெரிந்தாலே எனக்குப் பொறுக்கவில்லை, மழை நாளிலும் இரண்டு வேளை ஊற்றினேன். காய்ந்த வேர் வெள்ளையாகத்தான் இருக்கும், தண்ணீர் பட்டால் பச்சையாகும் என்று டீச்சர் சொன்னபோது காரியம் கெட்டுவிட்டது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, ‘ஒன்றுமில்லை அப்பா, சும்மாதான்’ என்றாயே. அன்றைக்கு அந்தப் பூவைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினேன். இல்லாத பூவை. உன்னை வாய் திறக்க விடவில்லை. போனை வைத்ததும் உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது.

கரி ஒரு மூட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் செய்ய முடியாவிட்டால் வந்துவிடு. எந்த ரயில் என்று சொல், எத்தனை மணியானாலும் ஜங்ஷனில் நிற்பேன். வேறெதுவும் சொல்ல வேண்டாம். தொட்டியைத் தூக்கி வராதே. மண்ணை உதறிவிட்டு, செடியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வா. ஈரத்துணி வேண்டாம்.

அப்பா