படத்துக்கு இரண்டு பக்கமும் எழுத்து ஓட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பை விடாமல் படிக்கிறேன், கட்டுரைகளில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பத்திக்கு நட்டநடுவில் படத்தை வைத்து இடமும் வலமும் எழுத்தை ஓடவிடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பாதி வரி இந்தப் பக்கம், மீதி வரி அந்தப் பக்கம் என்றிருந்தால் படத்தைத் தாண்டிப் போய்ப் படிப்பதா, அப்படியே கீழே இறங்குவதா என்று ஒவ்வொரு வரியிலும் தடுமாற வேண்டியிருக்கிறது.

நானும் பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட் வேலையில் இருப்பதால் இது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். இன்டிசைன் மென்பொருளில் படத்துக்கு டெக்ஸ்ட் ராப் (படத்தைச் சுற்றி எழுத்தை ஓடவிடும் வசதி) கொடுத்தால், வேறு எதையும் தொடாதவரை இரண்டு பக்கமும்தான் எழுத்து ஓடும். அதே பேனலில் 'ராப் டு' என்ற இடத்தில் 'லார்ஜஸ்ட் ஏரியா' என்று மாற்றினால் போதும், இடம் அதிகமுள்ள பக்கத்தில் மட்டும் எழுத்து நிற்கும். அப்புறம் படத்தை நடுவிலிருந்து பத்தியின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் வீணாகும் வெள்ளையும் இருக்காது.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம், நம் சொற்கள் நீளமானவை. 'நடந்துகொண்டிருந்தபோது' என்று ஒரு சொல் படத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒடுக்கமான இடத்தில் வந்து மாட்டினால் அந்த வரியில் வேறு சொல்லுக்கு இடமில்லை, இரண்டு சிறிய சொற்கள் வந்தாலோ இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்திருப்பதால் ஒன்று இந்தக் கோடியிலும் இன்னொன்று அந்தக் கோடியிலும் போய் நிற்கின்றன. அந்த நீளச் சொல்லே கொள்ளாத அளவுக்கு இடம் குறுகினால் மென்பொருள் அதைக் கண்ட இடத்தில் உடைக்கும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு என்றால் கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியிலும் விழுந்துவிடும், ஏனென்றால் அந்த எழுத்துருக்களில் கொம்பு தனி எழுத்தாகத்தான் இருக்கிறது. தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளைகள் அதை என்னவென்று படிப்பார்கள்? சாதாரண அளவு எழுத்தில் மூன்று நான்கு சொல்லாவது கொள்ளாத இடமென்றால் அங்கே எழுத்தை விடவே கூடாது. 'ஜம்ப் ஆப்ஜெக்ட்' கொடுத்துப் படத்துக்குக் கீழே தொடரவிடலாம்.

இன்னொன்று, பல படங்களில் எழுத்து விளிம்பை ஒட்டி உரசிக்கொண்டு நிற்கிறது. இதற்குப் பெரும்பாலும் படக்குறிப்புதான் காரணம். படத்துக்குச் சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி கொடுத்தால் அடியில் உள்ள படக்குறிப்பையும் அந்த ராப் தள்ளிவிடும், குறிப்பு காணாமல் போய்ப் பெட்டியில், எழுத்து கொள்ளவில்லை என்று காட்டும் சிவப்புக் கூட்டல் குறி மட்டும் இருக்கும். அவசரத்தில் இடைவெளியைச் சுழியாக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யவே தேவையில்லை. படக்குறிப்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் பி (Ctrl+B) அழுத்தி, 'இக்னோர் டெக்ஸ்ட் ராப்' என்பதை டிக் செய்தால் குறிப்பு திரும்பிவிடும். அந்தப் பெட்டிக்கும் தனியாக ஒரு ராப் கொடுத்துவிட்டால் கட்டுரை வரிகள் அதன்மேல் ஏறாது.

ஆளை மட்டும் வெட்டி எடுத்து வளைவாக எழுத்து ஓடவிடுவது அழகுதான், அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வளைவு வரிகளின் முடிவில் வரட்டும், தொடக்கத்தில் வேண்டாம். ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கினால் கண் அலைகிறது.

இதையெல்லாம் சரிசெய்யும்போது கட்டுரை சில வரிகள் நீளும் என்பதையும் உங்கள் வடிவமைப்பாளர்களிடம் சொல்லுங்கள். படத்தின் இடைவெளியைக் கடைசி நேரத்தில் கூட்டினால் கடைசிப் பெட்டியின் மூலையில் அதே சிவப்புக் குறி வந்திருக்கும், அச்சுக்கு முன் பிழைகளைச் சோதிக்கும் ப்ரீஃப்ளைட்டும் ஓவர்செட், அதாவது பெட்டியில் கொள்ளாத எழுத்து மீதமிருக்கிறது என்று காட்டும், அதைப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினால் முடிவு போய்விடும். சென்ற வார அட்டைப்படக் கட்டுரை பாதி வாக்கியத்தில் நிற்பதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். விடுபட்ட அந்தக் கடைசி வரிகளை வரும் இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்