வானொலி மணிக்கூட்டுக்குள் அணுக் கடிகாரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மலரின் கேள்வி–பதில் பகுதியில், ஐரோப்பாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ‘தானாகவே நேரம் திருத்தும்’ சுவர் மணிக்கூடுகள் அணுக் கடிகாரங்கள் (அணுக்களின் அதிர்வைக் கொண்டு மிகத் துல்லியமாக நேரம் அளக்கும் கருவிகள்) என்றும், அவை செய்மதியிலிருந்து நேரத்தைப் பெறுகின்றன என்றும் எழுதப்பட்டிருந்தது. இரண்டுமே சரியல்ல. இதே தவறான எண்ணத்தால் எங்கள் குடும்பத்தில் ஒரு சிறு மனத்தாங்கல் ஏற்பட்டதனாலேயே இதனை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சுன்னாகத்தில் இருக்கும் என் தமக்கைக்கு அத்தகைய மணிக்கூடு ஒன்றைக் கொண்டுசென்றேன். பற்றரியைப் போட்டதும் முட்கள் மூன்றும் விரைந்து சுழன்று பன்னிரண்டில் வந்து நின்றன, பிறகு அசையவில்லை. “உது பழுதோ தம்பி?” என்று அக்கா கேட்டார். பழுதில்லை. அது, 7,000 கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து வராத ஒரு சமிக்ஞைக்காகக் காத்து நின்றது.

அச்சமிக்ஞை நான் வசிக்கும் பிராங்பேர்ட்டுக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தென்கிழக்கே உள்ள மைன்பிளிங்கன் என்னும் சிற்றூரிலிருந்து, 77.5 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில், 50 கிலோவாற்று வலுவுடன் ஒலிபரப்பாகிறது. நிலையத்தின் பெயர் டி.சி.எப். 77. நேரத்தைத் தருவது பிறவுண்ஷ்வைக் நகரில் தலைமையகம் கொண்ட ஜேர்மனியின் தேசிய அளவியல் நிறுவனம். அணுக் கடிகாரங்கள் அந்நிறுவனத்திடமும் ஒலிபரப்பு நிலையத்திலும்தான் உள்ளன. நம் சுவரில் தொங்குவது, சிறு பளிங்குத் துண்டின் அதிர்வால் ஓடும் சாதாரண குவாட்ஸ் மணிக்கூடு. அதற்குள் இருக்கும் சிறிய வானொலி வாங்கி பெரும்பாலும் இரவில் ஒரு தடவை விழித்து, நிலையம் சொல்வதைக் கேட்டு, முட்களைத் திருத்திவிட்டு மீண்டும் உறங்கிவிடுகிறது.

நிலையம் பேசும் மொழி மிக எளிது. ஒவ்வொரு செக்கனின் தொடக்கத்திலும் அலையின் வீச்சம் (அதன் உயரம்) ஏறத்தாழ 15 சதவீதமாகக் குறைக்கப்படுகிறது. அந்தத் தணிவு 100 மில்லிசெக்கன் நீடித்தால் பூச்சியம், 200 மில்லிசெக்கன் நீடித்தால் ஒன்று. 21ஆம் செக்கனிலிருந்து 27ஆம் செக்கன் வரையிலான ஏழு தணிவுகள், முறையே 1, 2, 4, 8, 10, 20, 40 என்னும் பெறுமதிகளைக் கொண்டு நிமிடத்தைச் சொல்கின்றன. நிமிடம் 37 என்றால் 1, 2, 4, 10, 20 ஆகியவற்றுக்குரிய ஐந்து தணிவுகள் நீளமாகவும், 8, 40 ஆகியவற்றுக்குரியவை குறுகியும் வரும். நீண்ட தணிவுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டையாக இருக்கவேண்டும் என்பது விதியாதலால், 28ஆம் செக்கன் இன்னொரு நீண்ட தணிவைச் சேர்த்து ஆறாக்கும்; எண்ணிக்கை ஒற்றையாக வந்தால் இடையில் பிழை நேர்ந்துவிட்டது என்று வாங்கி அறிந்துகொள்ளும். தொடர்ந்து மணி, திகதி, கிழமை, மாதம், ஆண்டு. 59ஆம் செக்கனில் மட்டும் வழக்கமாகத் தணிவே இராது. அந்த மௌனத்துக்கு அடுத்த தணிவு தொடங்கும் கணத்திலேயே புதிய நிமிடம் பிறக்கிறது. இதுவரை சொல்லப்பட்டதும் அந்தப் புதிய நிமிடத்தின் நேரமே.

ஆகவே ஒரு முழுச் செய்தியைக் கேட்க ஒரு நிமிடம் முழுதும் வேண்டும். இன்றைய இணைய வேகத்தில் இது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆனால் இவ்வளவு ஆறுதலாகப் பேசுவதனால்தான், பெரைற்று என்னும் காந்தப் பொருளாலான சுண்டுவிரலளவு கோலில் செப்புக் கம்பி சுற்றிய அன்ரனாவும் ஒற்றைப் பற்றரியும் 2,000 கிலோமீற்றர் தொலைவில்கூடப் போதுமாக இருக்கின்றன. அந்தக் கோலின் முனை நிலையத்தை நோக்கினால் சமிக்ஞை ஏறக்குறைய மறைந்துவிடும். பக்கம் நோக்கினால் நன்கு கேட்கும். மணிக்கூட்டைக் கால்வட்டம் திருப்பியதும் நேரம் சரியாவதை நானே பார்த்திருக்கிறேன். தொலைக்காட்சிக்கு அருகிலும் இரும்புக் கம்பி நிறைந்த கொங்கிறீற்றுச் சுவரிலும் அது தடுமாறும்.

ஒரு தடவை நேரத்தைப் பெற்றபின் நிலையம் மௌனமானால் மணிக்கூடு நின்றுவிடுவதில்லை. 2011 மார்ச்சில் புகுஷிமா அணு உலை விபத்தையடுத்து மக்கள் வெளியேற்றப்பட்ட வலயத்துக்குள் யப்பானின் 40 கிலோஹேர்ட்ஸ் நேர நிலையம் அகப்பட்டு, ஏப்ரல் வரை ஒலிபரப்பு தடைப்பட்டது. அக்காலத்தில் அதையே நம்பியிருந்த மணிக்கூடுகள் தம் குவாட்ஸின் தயவில் ஓடின. சில செக்கன்கள் முந்தின அல்லது பிந்தின, அவ்வளவே.

இலங்கையில் இத்தகைய நெட்டலை (நீண்ட வானொலி அலை) நேர ஒலிபரப்பு இல்லை. ஐரோப்பாவினது அங்கு எட்டாது. எனவே இவற்றை ஊருக்கு வாங்கிச் செல்வோர், பின்புறத்தில் முட்களைக் கையால் திருத்தும் பொத்தான் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. சில மாதிரிகளில் அது இல்லை. அவை ஊரில் பன்னிரண்டு மணியிலேயே நிற்கும். அக்காவினுடையதில் நல்லவேளையாக அது இருந்தது. இப்போது மாதத்துக்கு ஒரு தடவை காலைச் செய்தி தொடங்கும் வேளையில் வானொலியை உயர்த்திவைத்து, அவரே அந்தப் பொத்தானை அழுத்தித் திருத்துகிறார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பிராங்பேர்ட், ஜேர்மனி.