ஸ்டென்ட் வைத்தவரிடம் குறட்டையைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மாரடைப்பு பற்றி வந்த கட்டுரையில் உப்பு, எண்ணெய், சிகரெட், நடைப்பயிற்சி என்று எல்லாமே இருந்தன. அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்லியிருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் தண்டையார்பேட்டைக்காரி, இதய வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். விட்டுப்போன அந்த விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆஞ்சியோ முடிந்து வார்டுக்கு வருபவரின் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டுவோம். விழித்திருக்கும்போது 97, 98 என்று காட்டும். நடுராத்திரி தாண்டி அவர் அசந்து தூங்கும்போது குறட்டை உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நின்றுவிடும். மார்பும் வயிறும் ஏறி இறங்கும், மூக்கில் காற்று இருக்காது. எண் 92, 88, 83 என்று இறங்கும், மானிட்டர் கத்தும். அப்புறம் ஒரு பெரிய திணறலோடு உடம்பு உதறி மூச்சு திரும்பும், எண்ணும் ஏறும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. பல வார்டுகளில் இதற்குக் கிடைக்கும் பதில், "கிளிப் நழுவியிருக்கும், சரியா மாட்டுங்க" என்பதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் விஷயம் தெரியும். "சிஸ்டர், வூட்லயும் இப்டித்தான். மூச்சே நின்னுடும். அப்பால ஒரு ஒதறு ஒதறிட்டு மறுபடி தூங்கிடுவாரு" என்று சொன்ன பெண்கள் எத்தனையோ பேர். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை, அவரும் தானாகப் பேசுவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த ரத்தக்குழாயில் எத்தனை மில்லிமீட்டர் ஸ்டென்ட் என்பது துல்லியமாக இருக்கும். ராத்திரி நடந்தது அதில் ஏறுவதில்லை.

இதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. குறைபட்ட மூச்சுகளையும் சேர்த்து மணிக்கு 15 தடவை தாண்டினால் நடுத்தர நிலை, 30 தாண்டினால் தீவிரம். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி உடம்பை உலுக்குகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. மூடிய தொண்டையை எதிர்த்து மார்பு இழுப்பதால் இதயத்தின் சுவர்களுக்கும் சுமை கூடுகிறது. ஓய்வெடுக்க வேண்டிய ராத்திரியில் இதயத்துக்கு ஓவர்டைம். இது வருடக்கணக்கில் நடந்தால் ரத்தக்குழாயின் உள்பூச்சு கெடுகிறது, அழற்சி கூடுகிறது, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. ஸ்டென்ட் ஓர் அடைப்பைத்தான் திறக்கிறது. அடைப்பு உண்டாகக் காரணமானவற்றில் ஒன்று தினமும் ராத்திரி தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கிறது.

நர்ஸின் அனுபவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், பல நாடுகளில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 1,311 பேருக்கு ஒரு வாரத்துக்குள் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். 45 சதவீதம் பேருக்கு நடுத்தர அல்லது தீவிர ஆப்னியா இருந்தது, அதாவது கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு. இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம், திட்டமிடாத மறு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று வருடக் கணக்கில் ஆப்னியா உள்ளவர்களில் 18.9 சதவீதம் பேருக்குப் பாதிப்பு, மற்றவர்களில் 14 சதவீதம். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் ஆபத்து ஒன்றரை மடங்குக்கு மேல் நின்றது. பைபாஸ் செய்துகொண்டவர்களிலும் ஆப்னியா இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும் பிரச்சினை அதிகம் வருகிறது. மயக்க மருந்து கொடுப்பவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வலி மருந்தும் தூக்க மருந்தும் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். 2005-ல் வந்த இன்னொரு ஆய்வும் நினைவுக்கு வருகிறது. திடீர் இதய மரணம் அடைந்த ஆப்னியா நோயாளிகளில் 46 சதவீதம் பேர் நள்ளிரவு 12 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் போயிருக்கிறார்கள். ஆப்னியா இல்லாதவர்களில் அந்த நேரத்தில் போனவர்கள் 21 சதவீதம்தான். "தூக்கத்திலேயே போய்ட்டாரு, நல்ல சாவு" என்று நம் தெருக்களில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

சரி, கண்டுபிடித்துவிட்டால் சுலபமாகத் தீர்ந்துவிடுமா? அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதற்கான முக்கிய சிகிச்சை சீபேப் இயந்திரம். மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும். இந்தியர்களும் பங்கெடுத்த 2,717 பேர் ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. இயந்திரம் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் அதைப் பயன்படுத்தியது ராத்திரிக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். பாதி ராத்திரிகூட இல்லை. 2023-ல் மூன்று ஆய்வுகளின் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினமும் 4 மணி நேரத்துக்கு மேல் மாட்டியவர்களுக்கு ஆபத்து சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. மாஸ்க்கை ஒழுங்காக மாட்டுபவர் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுபவராக இருக்கலாம், அதனால் மொத்தப் புகழையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் பகல் தூக்கம் குறைகிறது, ரத்த அழுத்தம் ஓரளவு இறங்குகிறது, மனசு தெளிகிறது. இவையே பெரிய விஷயம் என்பது என் கருத்து. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளில் ஸ்டியரிங் மேல் சாய்ந்து தூங்கும் டிரைவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்த 3.3 மணி நேரத்தை நம் பகுதி வீட்டில் வைத்து யோசித்துப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, நாலு பேர் படுக்கை, மே மாசப் புழுக்கம், நடுவில் கரண்ட் கட். வேர்த்துக் கொட்டும் முகத்தில் மாஸ்க் எத்தனை மணிக்குக் கழலும்? மணலியிலும் துறைமுகத்திலும் ஷிஃப்ட் வேலை செய்பவர்கள், காசிமேட்டில் விடியும் முன்பே கடலுக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு ராத்திரித் தூக்கம் என்பதே நிலையில்லை. இயந்திரத்தின் விலையோ ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு மலைப்பு. எனவே எல்லோருக்கும் இயந்திரம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, ராத்திரி குடியை நிறுத்துவது, தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாமல் இருப்பது ஆகியவையும் சிகிச்சையில் சேர்ந்தவைதான். அவற்றைச் சொல்வதற்கே முதலில் நோய் இருப்பது தெரிய வேண்டுமே.

தெரிந்துகொள்ளச் செலவு அதிகமில்லை. எட்டே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. சத்தமான குறட்டை உண்டா, பகலில் களைப்பும் தூக்கமும் உண்டா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா, ரத்த அழுத்தம் உண்டா, எடை மிக அதிகமா, வயது 50 தாண்டியதா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா என்பவைதான் அவை. மூன்றுக்கு "ஆம்" என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். தையல்காரரின் டேப் ஒன்று வார்டில் இருந்தால் போதும். நம் ஊர் உடல்வாகில் ரொம்பப் பருமன் இல்லாமலேயே இது வருகிறது என்பதையும், இதய நோயாளிகள் பலருக்குப் பகலில் தூக்கமே தெரியாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் எனக்குக் கூடுதல் கவலை உண்டு. புருஷனின் குறட்டையைப் பெண்டாட்டி நர்ஸிடம் சொல்லிவிடுவார். பெண்டாட்டியின் குறட்டையைப் பற்றி வீட்டில் யாரும் வெளியே பேச மாட்டார்கள். அவருக்கே அது வெட்கம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த நோய் கூடுகிறது. படிவத்தின் கடைசிக் கேள்வி ஆண்களுக்குத்தான் மதிப்பெண் கொடுக்கிறது என்பதற்காகப் பெண்களிடம் மற்ற ஏழு கேள்விகளையும் கேட்காமல் விடக் கூடாது.

இந்தியாவில் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை 1975-ல் நடந்தது நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான், செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். அப்படிப்பட்ட வடசென்னையில் இந்த எட்டுக் கேள்விகளையும் முதலில் வழக்கமாக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொள்பவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "தூக்கத்தில் மூச்சு" என்று ஒரு வரி கட்டாயமாக்கப்பட வேண்டும். சந்தேகம் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் சிறிய கருவியால் பரிசோதனை செய்ய ஏற்பாடு வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கும் பெண்களுக்கு இந்தக் கேள்விகளைச் சொல்லிக்கொடுக்கலாம். மூன்று பிரஷர் மாத்திரை போட்டும் இறங்காதவர் என்றால் முதலில் கேட்க வேண்டியதே குறட்டையைப் பற்றித்தான்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த எட்டுக் கேள்விகளையும் அடுத்த இதழில் பெரிய எழுத்தில், வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். கூடவே, அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அதே அறையில் தூங்குபவரையும் அழைத்துப் போகச் சொல்லுங்கள். முடியாவிட்டால், குறட்டை நின்று மூச்சு திரும்புவதை ஃபோனில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்துக்கொண்டு போகட்டும். டாக்டரிடம் காட்ட அதுவே போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்ஸ்,
தண்டையார்பேட்டை, சென்னை.