இயர் பிளக் சட்டைப் பையில் இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகளின் ஷேவிங் (தோலைச் சீவி ஒரே தடிமனாக்குவது), பஃபிங் (தோலைத் தேய்த்து மழமழப்பாக்குவது) பிரிவுகளில், சத்தத்தைத் தடுக்கக் காதில் செருகும் இயர் பிளக் பெரும்பாலும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கேட்டால் “சத்தம் பழகிப்போச்சு சார்” என்பார்கள். சத்தம் உறைக்கவில்லை என்றால் உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்துகொண்டிருக்கலாம். அவை மறுபடி முளைக்காது. முதலில் 4000 ஹெர்ட்ஸ் ஒட்டிய உயர் சுருதி ஒலிகள் போகும். ஆள் பேசுவது கேட்கும், என்ன சொன்னார் என்பது பிடிபடாது. வீட்டில் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று கோபம் வருவது இந்தக் கட்டத்தில்தான்.

“பிளக் போட்டால் மிஷின் கோளாறு காதில் விழாது” என்பதில் பாதி நியாயம் உண்டு. நல்ல காதுள்ளவருக்கு இரைச்சலும், பேச்சும், மிஷினின் கோளாறுச் சத்தமும் சேர்ந்தே குறைவதால் சிரமம் அதிகமில்லை. ஏற்கெனவே மந்தமானவருக்குச் சிரமம்தான். அவரிடம் 33 டெசிபல் (சத்தத்தின் அளவு) தடுக்கும் பிளக்கைத் திணிக்காமல், குறைவாகத் தடுப்பதைத் தர வேண்டும்.

பெட்டியோடு கொடுத்துக் கையெழுத்து வாங்கும் நிர்வாகங்கள், போடும் விதத்தைச் சொல்லித் தருவதில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு (பஃபிங் தூசியோடு உருட்டினால் காதுக்குள் புண்தான்) ஃபோம் பிளக்கை மெல்லிய திரியாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, 30 விநாடி விரலால் பிடிக்க வேண்டும். எதிரில் நிற்பவர் கண்ணுக்கு அது துருத்திக்கொண்டு தெரிந்தால் சரியாக உட்காரவில்லை. 8 மணி நேர ஷிப்டில், சத்தத்துக்கு நடுவே அரை மணி நேரம் கழற்றி வைத்தாலே 30 டெசிபல் தடுக்கும் பிளக்கின் பலன் 12 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும்.

ஆனால் முதல் வேலை சத்தத்தைக் குறைப்பது. காதுக்காப்பு இல்லாமல் ஒரு நாளில் அதிகபட்சம் 90 டெசிபலில் 8 மணி நேரம், 95-இல் 4, 100-இல் 2 என்பது தொழிற்சாலை விதி. கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85 டெசிபலைத் தாண்டியாயிற்று. அதற்கு மீட்டர் தேவையில்லை. காற்றைப் பீய்ச்சும் ஏர் கன்னுக்குச் சத்தம் குறைக்கும் பல துளை நாசில், மிஷினில் ஆடும் கார்டு (பாதுகாப்பு மூடி) தகட்டுக்கு ரப்பர், மழுங்கிய ஷேவிங் பிளேடைக் காலத்தில் தீட்டுவது, தூசி உறிஞ்சும் புளோயரைச் சுவருக்கு வெளியே மாற்றுவது: எதுவும் பெரிய செலவில்லை. காலணித் தொழிற்சாலைகளுக்கு இன்னொன்று: சில பசைகளில் உள்ள டொலுயீன் ஆவியும் காதைக் கெடுக்கும், சத்தத்தோடு சேர்ந்தால் கேடு கூடும். பசை தடவும் மேசை ரஃபிங் (ஒட்டும் பரப்பைச் சொரசொரப்பாக்கும்) மிஷின் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இரைச்சலால் வரும் காது மந்தமும் இழப்பீட்டுக்கு உரிய தொழில்நோய்தான். அதை நிரூபிக்க, வேலையில் சேரும்போதே எடுத்த ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனைப் பதிவு) வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒன்று. ஷிப்ட் முடிந்த கையோடு எடுத்தால் தற்காலிக மந்தமும் கலந்துவிடும். விடுமுறை கழிந்த காலையில், மிஷின் ஓடும் முன் எடுக்க வேண்டும். நகல் தொழிலாளி கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர்,
ராணிப்பேட்டை.