பள்ளிவாசல் விரிவாக்கக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அஸ்ஸலாமு அலைக்கும்.

புதிய கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்தேன். பெரிய குவிமாடம், நான்கு மினாராக்கள், முகப்பெங்கும் கண்ணாடி. துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். அதை எதிர்ப்பவர்களோ பழைய கல்லுப்பள்ளியையே சிமெண்டில் வார்த்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

கீழக்கரையின் 17ஆம் நூற்றாண்டு ஜும்ஆப் பள்ளிக்குள் நீங்களும் தொழுதிருப்பீர்கள். கல்தூண், தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, தட்டையான கல் கூரை எல்லாம் கோயில் மண்டப வேலைதான். உருவங்கள் மட்டும் இல்லை. அவற்றின் இடத்தில் பூவும் கொடியும். இராமேசுவரம் மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்களுக்கு நடுவே மக்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். இங்கே அதே தூண்வரிசைக்குள் மேற்கு நோக்கித் தோளோடு தோள் நிற்கிறோம். அந்தக் காலத்தார் மண்டபத்தை நகலெடுக்கவில்லை, அதன் வகையை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வேறுபாட்டை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கத்ரமேர் த கென்சி என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலை அறிஞர் தெளிவாக எழுதிவைத்தார். மாதிரி என்றால் உள்ளபடியே திரும்பச் செய்வது. வகை என்றால் ஒரு விதி. அதிலிருந்து ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத கட்டடங்கள் பிறக்கலாம்.

மாதிரிதான் வேண்டும் என்றாலும் காலம் விடாது. 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவர்களைப் பாருங்கள், பவளப்பாறைக் கல். இன்று பவளப்பாறையை வெட்டினால் வழக்கு வரும், வரவும் வேண்டும்.

தூண்கள் தொழுகை வரிசையை உடைக்கின்றன என்று குழுவில் ஒருவர் சொன்னாராம். நியாயமான பேச்சு. காங்கிரீட் இருக்கிறது, தூண்களைத் தள்ளி வையுங்கள். ஆனால் வெயிலைத் தாங்கும் வெளி மண்டபம், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் ஹவுள் என்ற நீர்த்தொட்டியின் மேல் பட்டு உள்ளே வரும் காற்று, தலைக்கு மேல் தாழ்ந்த நிழல் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். கம்பியை உப்புக்காற்று அரிக்காதபடி அதை மூடும் காங்கிரீட்டைத் தடிமனாகப் போடச் சொல்லுங்கள். கண்ணாடி முகப்பைப் பற்றி நான் பேசப்போவதில்லை, மின்கட்டணம் வரும்போது அதுவே பேசும்.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சித்திரை வெயிலில், நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும், வரைபடக்காரரைப் பழைய பள்ளியின் வெளி மண்டபத்தில் பிற்பகல் அஸர் தொழுகை வரை உட்காரவையுங்கள். மின்விசிறி வேண்டாம்.

வஸ்ஸலாம்.