பள்ளி மாணவ மாணவியர் கிரிக்கெட் பயிற்சித் திட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

சங்க உறுப்பினர்களுக்கும், பெற்றோருக்கும், பங்கேற்கும் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிக்கிறார். வருகைப் பதிவேடு கூட்டத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. களத்தில் எதை மாற்றினோம், எதற்காக மாற்றினோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாருக்கும் ஒரே பந்து, ஒரே நீள ஆடுகளம், ஒரே கிட் பை என்றிருந்த ஏற்பாட்டைக் கைவிட்டதுதான் இந்த ஆண்டின் பெரிய முடிவு. பெரியவர்களுக்கான ஆடுகளம் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். பத்து வயதுப் பிள்ளை அங்கிருந்து வீசினால் பந்து இரண்டு முறை குத்தி வரும். விதிப்படி அது நோ பால். பந்தை எட்ட வைப்பதற்காகப் பிள்ளை முழங்கையை மடக்கி எறியத் தொடங்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு திருத்துவது கடினம். கை மடங்குவது குழந்தையின் குறையல்ல, தூரத்தின் குறை. ஆகவே 10 வயதுக்குட்பட்டோருக்கு 16 கஜம், 12 வயது வரை 18 கஜம், 14 வயது வரை 20 கஜம் என்று வைத்தோம். ஒரு முனை ஸ்டம்பை அப்படியே விட்டுவிட்டு, எதிர்முனைக்கு அடித்தட்டுள்ள ஸ்டம்பைப் பயன்படுத்தினால் வயதுக்கேற்ப நகர்த்துவது ஒரு நிமிட வேலை. ஸ்டம்போடு கிரீஸையும் (ஆட்டக்காரர் நிற்கும் எல்லைக் கோடு) நகர்த்த வேண்டும்: ஸ்டம்ப் கோட்டிலிருந்து 4 அடி முன்னால். இதை மறந்தால் ரன் அவுட்டிலும் நோ பாலிலும் தகராறு வரும்.

பந்தின் எடை அடுத்தது. ஆண்கள் ஆட்டத்துக்கான கார்க் பந்து சுமார் 156 முதல் 163 கிராம். பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம். 13 வயதுக்குட்பட்டோருக்கானது 133 முதல் 144 கிராம். சுற்றளவும் அதற்கேற்பக் குறையும். பதின்மூன்று வயதைத் தாண்டிய மாணவர்கள் பெரிய பந்துக்கு மாறுவார்கள், மாணவிகள் பெண்கள் பந்துக்கு. இருவரும் ஒரே நெட்டில் (வலையடைத்த பயிற்சித் தளம்) பயிலும்போது பந்துகள் கலந்துவிடுகின்றன. சுழற்பந்து வீசும் மாணவிக்குத்தான் இதில் முதல் பாதிப்பு: விரல்பிடி மாறும், பந்து கையிலிருந்து முன்கூட்டியே நழுவும், தரையில் குத்தாமல் ஃபுல் டாஸாகப் போகும். அதனால் நெட்டுக்கு இரண்டு வாளிகள் வைத்து, பந்துகளில் வண்ணப் புள்ளி இட்டுவிட்டோம். புதிதாக வாங்கும் பந்துகளைத் தராசில் நிறுத்துப் பார்த்த பிறகே இருப்பில் சேர்க்கிறோம். அட்டையில் அச்சிட்டிருக்கும் எடையை நம்புவதற்கில்லை. நனைந்த பந்து எடை கூடிவிடும், அதையும் ஒதுக்கிவிட வேண்டும்.

மட்டையில் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரிய அளவு வாங்கித் தர வேண்டாம். பிள்ளை மட்டையின் கைப்பிடி நுனியை, ஆடும்போது மேலே பிடிக்கும் கையால் மட்டும் பிடித்து, தோள் உயரத்துக்கு நேராக நீட்டிச் சில நொடிகள் நிறுத்த வேண்டும். கை நடுங்கினால் மட்டை கனம். கனமான மட்டையை நேராகக் கீழே இறக்க முடியாத பிள்ளை குறுக்கே வீசப் பழகும். நேராக வரும் பந்தில் போல்டாகும். புது மட்டைக்குக் கச்சா ஆளி விதை எண்ணெயை முகப்பிலும் ஓரங்களிலும் அடிநுனியிலும் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். கைப்பிடி செருகிய V வடிவ இணைப்பில் எண்ணெய் படக் கூடாது, பசை விட்டுப்போகும். பிறகு மரச்சுத்தியால் பல மணி நேரம், முதலில் மெதுவாக, தட்டிப் பழக்க வேண்டும். ஓரத்தைத் தட்டாமல் விட்ட மட்டைகள்தான் முதல் மாதத்திலேயே பிளக்கின்றன.

ஹெல்மெட்டில் சமரசம் இல்லை. BS 7928:2013 என்ற பிரிட்டிஷ் தரத்தில் ஆண்கள் பந்துக்கும் இளையோர் பந்துக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. பெரிய பந்துக்கு மட்டும் தேறிய ஹெல்மெட்டின் கம்பி இடைவெளியில் சிறிய பந்து நுழைந்து முகத்தில் பட வாய்ப்பிருக்கிறது. மாணவிகளின் பந்து இரண்டுக்கும் இடைப்பட்டது என்பதால் இரண்டு அளவுக்கும் தேறியதையே வாங்குகிறோம். நெற்றிக்கு மேல் நீட்டிய தட்டுக்கும் முகக் கம்பிக்கும் உள்ள இடைவெளியைத் திருகாணி தளர்த்தி யாரும் அகலமாக்கக் கூடாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், கழிக்கப்பட வேண்டியதே. தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, தலைவலி, குழப்பம் என எதுவும் தெரிந்தால் அன்று அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவர் பார்த்த பிறகே மறுபடி களம். "நான் நல்லாதான் இருக்கேன் சார்" என்ற பதிலைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

12 வயது வரை மாணவ மாணவியரைச் சேர்த்தே ஆடவிடுகிறோம். அந்த வயதில் வேகத்திலும் பலத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. மாணவிகள் எறிவதில் பின்தங்குவதாகச் சொல்லப்படுவதில் பழக்கக் குறைவுக்கும் பங்குண்டு. பக்கவாட்டில் நின்று, முன்கால் இலக்கை நோக்க, முழங்கையைத் தோளுக்குக் கீழே இறங்க விடாமல் எறியச் சொல்லித் தந்தால் இடைவெளி குறைகிறது. பெண்கள் உலகக் கோப்பை 1973-இலேயே நடந்துவிட்டது, ஆண்களுக்கு 1975-இல்தான் என்பதைச் சில பெற்றோருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 12 வயதுக்கு மேல் கார்க் பந்துக்கான குழுவைத் திறமைப்படி பிரிக்கிறோம். மாணவிகளுக்குத் தனி உடை மாற்றும் அறை, பூட்டக்கூடிய கழிப்பறை, அவர்களுக்கென்று வடிவமைத்த மார்புக் கவசமும் கார்டும் (அடிவயிற்றுக் கவசம்) இல்லாத மைதானத்தில் பயிற்சி நடத்துவதில்லை என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. மாணவிகள் பாதியில் நிற்பதற்கு ஆட்டம் பிடிக்காதது அரிதாகவே காரணம். இந்த வசதிகள் இல்லாததுதான் காரணம்.

சிறியவர்களுக்கு ஜோடி ஆட்டம் கொண்டுவந்தோம். அணிக்கு எட்டுப் பேர், நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் 4 ஓவர் ஆடும். ஆக 16 ஓவர். எட்டுப் பேரும் ஆளுக்கு 2 ஓவர் வீசுவார்கள், கீப்பர் உட்பட. அணி 200 ரன்னில் தொடங்கும். அவுட்டானால் 5 ரன் கழியும், ஆனால் ஆட்டக்காரர் வெளியேற மாட்டார். வைடுக்கும் நோ பாலுக்கும் 2 ரன், மறு பந்து கிடையாது, கடைசி ஓவர் தவிர. முதல் பந்திலேயே அவுட்டாகி மீதி நேரமெல்லாம் எல்லைக்கோட்டில் புல் பிடுங்கிக்கொண்டிருக்கும் நிலை இதில் இல்லை. எதிர்ப்பு வந்தது நன்றாக ஆடும் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து மட்டுமே.

வேகப்பந்து வீசுவோருக்கு வரம்பு வைத்துள்ளோம்: 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு (இடைவெளியின்றி ஒருவர் வீசும் சுற்று) 5 ஓவர், நாளுக்கு 10 ஓவர்; 14, 15 வயதில் ஸ்பெல்லுக்கு 6, நாளுக்கு 12; 16, 17 வயதில் ஸ்பெல்லுக்கு 7, நாளுக்கு 18. நெட்டில் வீசுவதும் கணக்கில் சேரும். வளரும் வயதில் கீழ் முதுகெலும்பில் நுண்ணிய முறிவு வரும் ஆபத்து அதிகம். இடுப்பு ஒரு பக்கமும் தோள் வேறு பக்கமும் பார்க்க வீசுவோருக்கு இன்னும் அதிகம். ஒரே பக்கமாக, பின்னால் வளையும்போது கூடுகிற முதுகுவலியைத் தசைப்பிடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது. சட்டென்று உயரம் கூடும் பருவத்தில் குதிகால் வலியும், முழங்காலுக்குக் கீழ் எலும்பு மேட்டில் வலியும் வரும். ஓட்டத்தின் லயமும் கெடும். அப்போது ஓவரைக் குறைக்க வேண்டும், திட்டக் கூடாது.

ஆடுகளப் பாய் பற்றி. தென்னை நார்ப் பாயைத் தரையோடு இழுத்துக் கட்டாவிட்டால் மடிப்பு விழும். மடிப்பில் குத்தும் பந்து முகத்துக்கு எழும்பும் அல்லது கணுக்காலுக்கு வழுக்கும். கீழே உள்ள மண்ணை லேசாக நனைத்து உருளை ஓட்டி, இறுகிக் காய்ந்த பிறகே விரிக்க வேண்டும். முதலில் ஒரு முனையில் ஆணி, அடுத்து எதிர்முனையில் இழுத்து ஆணி, கடைசியாகப் பக்கங்கள். ஆணித் தலை பாய்க்கு மேலே நிற்கக் கூடாது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நார் மக்கும்.

இடி கேட்டவுடன் எல்லாரும் உள்ளே. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மறுபடி ஆட்டம். இதில் நடுவருக்கு விருப்பாதிகாரம் கிடையாது.

ஸ்கோர் எழுதுவதை மாணவ மாணவியர் இருவர் இருவராகச் செய்கிறார்கள். ஆட்டக்காரர்களின் ரன்னும் எக்ஸ்ட்ராவும் (மட்டையால் எடுக்காத ரன்) சேர்ந்த தொகை, பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்னோடு பை, லெக் பை, அபராத ரன் கூட்டிய தொகைக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் அநேகமாக ஒரு வைடு பந்துவீச்சாளர் பக்கத்தில் விடுபட்டிருக்கும்.

பொதுக்குழு முடிவு செய்ய வேண்டியவை மூன்று: இளையோர் அளவு ஹெல்மெட்டுகளில் கழித்தவற்றுக்கு மாற்று வாங்குவது, ஓவர் கணக்கு ஏட்டைப் பள்ளி அணிகளும் சங்கமும் பொதுவாக வைத்துக்கொள்வது, நெட்டின் அடிப்பகுதியில் கிழிந்த வலையைப் புதிய ஆண்டுப் பயிற்சி தொடங்குமுன் மாற்றுவது. மூன்றாவதைத் தள்ளிவைத்தால் அந்த நெட்டை மூடி வைக்க வேண்டும் என்பது செயற்குழுவின் கருத்து.

மைதானத்தைப் பராமரித்த பணியாளர்களுக்கும், பயிற்சியாளர்களுக்கும், நடுவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்