லினக்ஸில் சி கற்க எந்தப் புத்தகம்? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உபுண்டு போட்டாயிற்று, சி கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடையில் புத்தகத்தை எடுத்ததும் முதல் நிரலைப் பார். அதில் கோனியோ.எச், வாய்டு மெயின், கடைசி வரியில் கெட்ச் இருந்தால் அங்கேயே வைத்துவிடு. அது டாஸ் காலத்து டர்போ சி-க்காக எழுதியது. கோனியோ.எச் என்ற கோப்பே இல்லை என்று லினக்ஸின் சி கம்பைலரான ஜிசிசி உடனே நிறுத்திவிடும். அந்தப் பிழையாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு: டர்போ சி-யில் இண்ட் என்ற முழு எண் வகை 16 பிட், உச்ச மதிப்பு 32,767. உன் கணினியில் அது 32 பிட். அந்தப் புத்தகம் சொல்லும் கணக்கு உன் திரையில் வேறு விடையாக வரும், ஏனென்று புரியாமல் குழம்புவாய்.

நீ பைத்தானில் லூப், ஃபங்ஷன் எல்லாம் எழுதிப் பழகியவன். அதனால் உனக்கு கெர்னிகன், ரிட்சி எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்' போதும். 1988-இல் வந்த இரண்டாம் பதிப்பாகப் பார்த்து வாங்கு. 1978-இன் முதல் பதிப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதில் ஃபங்ஷன் எழுதும் முறையே வேறு. நிரலாக்கமே புதிது என்பவர்களுக்கு கே. என். கிங்கின் 'சி புரோகிராமிங்: எ மாடர்ன் அப்ரோச்' (2008) நிதானமாகச் சொல்லித்தரும்.

கெர்னிகன்–ரிட்சியில் உள்ளதை அப்படியே தட்டினால் சில இடங்களில் முட்டும். முதல் நிரலில் மெயினுக்கு முன்னால் இண்ட் இருக்காது. ஜிசிசி 14 முதல் அது எச்சரிக்கை இல்லை, பிழை. இண்ட் சேர்த்துவிடு. அதே அத்தியாயத்தில், மிக நீளமான வரியைக் கண்டுபிடிக்கும் நிரலில் கெட்லைன் என்று ஒரு ஃபங்ஷன் வரும். அதே பெயரில் இன்னொன்று 2008-இல் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்தில் சேர்ந்துவிட்டது, ஸ்டிடிஐஓ.எச் அதை முன்பே அறிவித்துவைத்திருக்கும். 'கான்ஃப்ளிக்டிங் டைப்ஸ்' என்று பிழை வந்தால் பயப்படாதே. அறிவிப்பு, அழைப்பு, வரையறை ஆகிய மூன்று இடத்திலும் பெயரை மாற்று, ஓடும். எட்டாம் அத்தியாயத்தில் வரும் சிஸ்கால்ஸ்.எச் உன் கணினியில் இருக்காது. அதற்குப் பதில் எஃப்சிஎன்டிஎல்.எச், யூனிஎஸ்டிடி.எச் இரண்டையும் சேர்.

ஐந்தாம் அத்தியாயம் பாயிண்டர், அதாவது நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி. அங்கே அவசரம் கூடவே கூடாது, பயிற்சி ஒன்றையும் விடாதே. கம்பைல் செய்யும்போது எச்சரிக்கைகளை எல்லாம் திறந்து, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் டீபக் தகவலையும் சேர்த்துக்கொள். அரேயின் எல்லையைத் தாண்டினால் எந்த வரியில் தாண்டினாய் என்று அதுவே காட்டும்.

அது முடிந்த பிறகுதான் யூனிக்ஸ் புத்தகம். லினக்ஸ் மட்டும் போதுமென்றால் மைக்கேல் கெரிஸ்க்கின் 'தி லினக்ஸ் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்' (2010). ஃப்ரீபிஎஸ்டி, மேக் என்றும் போவதாக இருந்தால் ஸ்டீவன்ஸ்–ராகோ எழுதிய 'அட்வான்ஸ்டு புரோகிராமிங் இன் தி யூனிக்ஸ் என்விரான்மென்ட்', 2013-இன் மூன்றாம் பதிப்பு. இரண்டையும் சேர்த்து வாங்காதே. கெரிஸ்க் 1,500 பக்கத்துக்கு மேல். வரிசையாகப் படித்தால் பாதியில் சோர்ந்துவிடுவாய். முதல் ஐந்து அத்தியாயம், பிறகு 20, 21 (சிக்னல்), 24 முதல் 27 (ப்ராசஸ்), அதன்பின் 44 (பைப்). இவ்வளவு தெரிந்தால் கட்டளைகளை வாங்கி இயக்கும் சின்ன ஷெல் ஒன்றை நீயே எழுதலாம். இரண்டு புத்தகத்திலும் நிரல்கள் தங்களுக்கென்றே ஒரு ஹெடர் கோப்பை அழைக்கும்; மூல நிரலை அவரவர் தளத்திலிருந்து முதலில் இறக்கிக்கொள்.

லினக்ஸிலேயே வரும் கையேடான மேன் பக்கத்தையும் அருகிலேயே திறந்து வை. வெறும் 'மேன் பிரிண்ட்எஃப்' என்றால் ஷெல் கட்டளையின் பக்கம்தான் வரும். சி-க்கு 'மேன் 3 பிரிண்ட்எஃப்' என்று கேட்கவேண்டும், கெர்னலை அழைக்கும் சிஸ்டம் காலுக்கு 3-க்குப் பதில் 2.

அன்புடன்,
அண்ணன்